கை மேலே ஏறவில்லையா? உறைந்த தோளின் 150 ஆண்டுக் கதை



சென்ற பொதுக்குழுவில் தண்ணீர்த் தொட்டி தீர்மானத்துக்குக் கை தூக்கி ஓட்டெடுத்தோம், நினைவிருக்கிறதா? எண்ணும் வேலை எனக்கு. எண்ணும்போது ஒன்றைக் கவனித்தேன். மூன்று பேர் இடது கையைத் தூக்கினார்கள். அவர்கள் இடது கைப் பழக்கக்காரர்கள் அல்ல. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது விசாரித்தேன். மூவருக்கும் ஒரே கதைதான். வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. ஒருவர் "சுளுக்குன்னு விட்டுட்டேன் சார்" என்றார். இன்னொருவர் "தானா சரியாயிடும்னு சொன்னாங்க" என்றார். மூன்றாமவர், பி பிளாக் அம்மா, எட்டு மாதமாகத் தலை பின்னிக்கொள்ள மகளைக் கூப்பிடுகிறாராம்.

எனக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது என் கதையும்தான். நான்கு வருடம் முன்பு ஒரு நாள் தாம்பரத்தில் மின்ரயில் ஏறி மேலே இருக்கும் பிடியைப் பிடிக்கக் கை தூக்கினேன். தோளில் மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி. எண்ணெய் தேய்த்தேன். தெரிந்தவர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். வலி கூடியது. பயந்து போய்க் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மாதம் அசைக்காமல் இருந்தேன். ஆக மொத்தம் ஏழு மாதம் வீணானது. பிறகுதான் தெரிந்தது, நான் செய்த மூன்று காரியத்தில் இரண்டு தவறு, மூன்றாவது பயனற்றது என்று.

நான் மருத்துவன் அல்ல. ஓய்வுபெற்ற பிறகு படிக்க நேரம் இருப்பவன். இந்த நோயின் வரலாற்றைப் படித்தபோது ஒன்று புரிந்தது. நாம் இன்று செய்யும் தவறுகள் எல்லாவற்றையும் மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் செய்திருக்கிறது. அவர்கள் கற்றுக்கொள்ள நூற்றைம்பது வருடம் ஆனது. நமக்கு இந்தக் கட்டுரை படிக்கும் நேரம் போதும்.

சானடோரியத்தின் நிழல்

கதையை நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம். நம் ரயில் நிலையம் ஒன்றுக்கே பெயர் கொடுத்த தாம்பரம் சானடோரியம் 1928 ஏப்ரலில் 12 படுக்கைகளோடு தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் சௌரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் அங்கே சிறிது காலம் அவருடைய பார்வையில் இருந்தார். 1937-ல் தாம்பரம் மருத்துவமனையை அரசு எடுத்துக்கொண்டது.

தோள் வலிக்கும் காசநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். காசநோய் நுரையீரலை மட்டும் தாக்குவதில்லை, எலும்பு மூட்டுகளையும் தாக்கும். தோள் மூட்டில் வரும் காசநோய்க்கு ஓர் உலர்ந்த வகை உண்டு. சீழ் வராது, வீக்கம் அதிகம் இராது. தோள் இறுகும், தசை மெலியும், கை ஏறாது. வெளியிலிருந்து பார்த்தால் இன்று நாம் ஃப்ரோசன் ஷோல்டர் என்று சொல்வதைப் போலவே இருக்கும். 1895-ல் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிக்கும் வரை உள்ளே பார்த்து இரண்டையும் பிரிக்க வழியே இல்லை.

இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். காசநோய் தாக்கிய மூட்டை அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் அசையாமல் கட்டி வைத்தார்கள். மருந்து இல்லாத நாளில் அதுதான் வழி. ஆனால் உறைந்த தோளை அப்படிக் கட்டி வைத்தால் அது இன்னும் இறுகும். "வலிக்கிற கையை அசைக்காதே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது எலும்பு முறிவுக்குச் சரி. இந்த நோய்க்கு அது பொருந்தாது.

மூன்று பேர், மூன்று பெயர்

இந்த நோயைத் தனியாகப் பிரித்து எழுதிய முதல் பெயர் பாரிஸ் அறுவை மருத்துவர் சிமோன் டுப்ளே. ஆண்டு 1872. மூட்டின் எலும்பில் கோளாறு இல்லை, மூட்டைச் சுற்றியுள்ள மென்மையான பகுதிகளில்தான் கோளாறு என்றார் அவர். அதனால் 'மூட்டைச் சுற்றிய அழற்சி' என்ற பொருளில் பெரிஆர்த்ரைடிஸ் என்று பெயர் வைத்தார். உங்கள் வீட்டில் பழைய மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். நம் ஊர் டாக்டர்கள் பலர் இன்றும் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

டுப்ளே சொன்ன வைத்தியம் கடுமையானது. மயக்க மருந்து கொடுத்து, இறுகிய தோளைக் கையால் திருப்பி விடுவிப்பது. அதுவும் இன்றுவரை இருக்கிறது. எப்போது, யாருக்கு என்பதுதான் மாறியிருக்கிறது.

இரண்டாவது பெயர் பாஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். 1934-ல் தோளைப் பற்றி மட்டுமே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 'ஃப்ரோசன் ஷோல்டர்', அதாவது உறைந்த தோள், என்ற சொல் அவருடையது. காட்மன் விசித்திரமான மனிதர். அறுவை சிகிச்சை செய்த ஒவ்வொரு நோயாளியும் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார் என்று மருத்துவமனைகள் கணக்கு வைத்து வெளியிட வேண்டும் என்று கேட்டவர். இன்றைக்கு அது சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு அது சக மருத்துவர்களைக் கோபப்படுத்தியது. அந்த நேர்மையோடுதான் அவர் இந்த நோயையும் பார்த்தார். இதை வரையறுப்பது கடினம், குணப்படுத்துவது கடினம், ஏன் வருகிறது என்று விளக்குவதும் கடினம் என்ற கருத்தைத் தன் புத்தகத்திலேயே எழுதினார்.

ஃபிஸியோதெரபியில் முதல் நாள் சொல்லித்தரும் பயிற்சி ஒன்று உண்டு. மேசையைப் பிடித்துக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, கடிகாரப் பெண்டுலம் போல மெல்ல ஆட்டுவது. அது காட்மன் பெயரால்தான் வழங்குகிறது. குனிந்தால் கையின் எடையே மூட்டை மெல்ல விலக்கிக் கொடுக்கும், தோள் தசை பாரம் தூக்க வேண்டியதில்லை. தொண்ணூறு வருடம் ஆகியும் அது பழசாகவில்லை.

மூன்றாவது பெயர் ஜூலியஸ் நெவியாசர், 1945. அவர் திறந்து பார்த்தார். தோள் மூட்டைச் சுற்றி ஒரு சவ்வுப் பை இருக்கிறது. ஆரோக்கியமான தோளில் அது தொளதொளவென்று இருக்கும், அதனால்தான் கை எல்லாப் பக்கமும் போகிறது. இந்த நோயாளிகளுக்கு அந்தப் பை தடித்துச் சுருங்கி இருந்தது. பை ஒட்டிக்கொள்கிறது என்று நினைத்து, ஒட்டும் சவ்வு அழற்சி என்ற பொருளில் அட்ஹீசிவ் கேப்சுலைட்டிஸ் என்று பெயரிட்டார். 1995-ல் இங்கிலாந்தின் டிம் பங்கர் அந்தத் திசுவைப் பரிசோதித்து, உள்ளங்கைத் தோலுக்கு அடியில் நார் தடித்து விரல் மடங்கிப்போகும் ஒரு நோய் இருக்கிறதே, அதைப் போன்ற திசு இது என்று காட்டினார். அதாவது ஒட்டுவதைவிட, தடித்துச் சுருங்குவதே முக்கியம்.

துவைத்ததும் சுருங்கிவிட்ட ரவிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். கை நுழையும், தூக்கினால் பிடிக்கும். வலுக்கட்டாயமாக இழுத்தால் தையல் கிழியும். ஈரம் இருக்கும்போதே மெல்ல நீவிக் கொடுத்தால் இடம் கொடுக்கும். ஆரம்பத்திலேயே வைத்தியம் என்று சொல்வதன் அர்த்தம் அதுதான்.

நம் மண்ணில் இதற்கு என்ன பெயர்?

சித்த மருத்துவத்தில் இந்த நோயைக் கும்பவாதம் என்று சொல்கிறார்கள். யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 ஆகப் பிரிக்கிறது. கும்பவாதம் அதில் ஒன்று. ஆயுர்வேதத்தில் அபபாகுகம் என்பது இதற்கு நெருக்கமான பெயர். ஜப்பானில் இதை 'ஐம்பது வயதுத் தோள்' என்றே அழைக்கிறார்கள். அவர்கள் கணக்கு சரி. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள்தான் இது பெரும்பாலும் வருகிறது, பெண்களுக்குச் சற்று அதிகம்.

2005-ல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. நம்மில் பலர் அங்கே போய் வந்திருக்கிறோம். எண்ணெய், ஒற்றடம், தொக்கணம், வர்மம் ஆகியவற்றால் ஆறுதல் கண்டவர்கள் நம் குடியிருப்பிலேயே உண்டு. வெப்பமும் மெல்லிய நீவலும் வலியைத் தணித்து, பயிற்சி செய்ய வழிவிடும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போவது வேறு, தெருமுனையில் கையைப் பிடித்துச் சொடுக்கெடுப்பவரிடம் போவது வேறு. எங்கே போனாலும் முதலில் இது என்ன நோய் என்று உறுதி செய்துகொண்டு போங்கள்.

1948: ஒரு ஊசியின் பிறப்பு

டுப்ளேவிடம் இருந்தது பலப்பிரயோகம். காட்மனிடம் இருந்தது பொறுமை. அழற்சியையே அணைக்கும் மருந்து இருவரிடமும் இல்லை. அது வந்தது 1948 செப்டம்பரில். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுத்திருந்த 29 வயதுப் பெண்ணுக்கு கார்ட்டிசோன் கொடுத்தார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1951-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஜோசஃப் ஹாலண்டர் அந்த வகை மருந்தை நேராக மூட்டுக்குள்ளேயே ஊசியாகப் போட்ட அனுபவத்தை வெளியிட்டார். 1965-ல் ஸ்வீடனின் ஆண்ட்ரேன், லுண்ட்பெர்க் இருவரும் சுருங்கிய பைக்குள் திரவத்தைச் செலுத்தி அதை விரிக்கும் முறையை எழுதினார்கள். ஹைட்ரோடைலடேஷன் என்று இப்போது சென்னை மருத்துவமனைகளில் செய்வது அதன் வழி வந்ததுதான்.

'ஸ்டீராய்டு' என்றதும் நமக்கெல்லாம் பயம். எனக்கும் இருந்தது. மாதக்கணக்கில் மாத்திரையாக விழுங்குவதும், மூட்டுக்குள் ஓரிரு முறை ஊசி போட்டுக்கொள்வதும் ஒன்றல்ல. முன்னதன் பக்க விளைவுகளை நினைத்துப் பின்னதைத் தள்ளிப்போடுவதால்தான் நம்மில் பலர் நல்ல காலத்தைத் தவறவிடுகிறோம்.

"தானாகவே சரியாகிவிடும்": பாதி உண்மை

இந்த வாக்கியத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. எவ்வளவு நாள்பட்டாலும் இந்தத் தோள் கடைசியில் குணமாகிவிடும் என்று காட்மனே நம்பினார். அவருக்குப் பின் வந்தவர்கள் நோயை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். முதலில் வலிக் கட்டம், சில வாரத்திலிருந்து ஒன்பது மாதம் வரை. இரவில் புரண்டு படுத்தால் உயிர் போகும். அடுத்தது இறுகிய கட்டம், வலி குறையும், கை ஏறாது. கடைசியாக இளகும் கட்டம், மெல்ல மெல்ல அசைவு திரும்பும். மொத்தம் ஒன்றரை முதல் மூன்று வருடம் ஆகலாம்.

ஆனால் முழுதாகத் திரும்புகிறதா? 1992-ல் அமெரிக்காவில் ஷாஃபரும் உடனிருந்தவர்களும் 62 நோயாளிகளைச் சராசரியாக ஏழு வருடம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு லேசான வலியோ இறுக்கமோ இன்னும் மிச்சம் இருந்தது. பெரும்பாலோர் வாழ்க்கையை ஓட்டிவிடுகிறார்கள், உண்மை. 'எதுவும் செய்யாமல் விட்டால் பழையபடி ஆகிவிடும்' என்பது எல்லோருக்கும் உண்மை அல்ல.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு பாடம் இருக்கிறது. 2004-ல் நெதர்லாந்தில் டியர்க்ஸ், ஸ்டீவன்ஸ் என்ற இருவர் 77 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு வலியைத் தாண்டியும் இழுத்துச் செய்யும் கடும் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு நோயை விளக்கி, வலிக்காத அளவுக்குள் அசைத்து, இயன்ற வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து மென்மையான குழுவில் 89 சதவீதம் பேர் ஏறத்தாழ வலியற்ற இயல்பான தோளோடு இருந்தார்கள். கடுமையான குழுவில் 63 சதவீதம்தான். என் கையைப் பிடித்து இழுத்த நண்பரை நான் மன்னித்துவிட்டேன். ஆனால் உங்கள் கையை யாரும் இழுக்க விடாதீர்கள்.

கட்டி வைப்பதும் தவறு, இழுப்பதும் தவறு. நடுவில் ஒரு பாதை இருக்கிறது.

எண்கள் சொன்ன தீர்ப்பு

அந்தப் பாதை எது என்று கடந்த முப்பது வருடங்களில் பல ஒப்பீட்டு ஆய்வுகள் தேடின. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

1998, நெதர்லாந்து. இறுகிய, வலிக்கும் தோளோடு குடும்ப மருத்துவரிடம் வந்த 109 பேர். பாதிப் பேருக்கு மூட்டு ஊசி, மீதிப் பேருக்கு ஃபிஸியோதெரபி. ஏழு வாரத்தில் ஊசிக் குழுவில் 77 சதவீதத்தினருக்குப் பலன், மற்ற குழுவில் 46 சதவீதம். நாள் செல்லச் செல்ல இந்த வித்தியாசம் குறைந்தது. அதாவது ஊசி நோயை மாயமாக்கவில்லை, மோசமான ஆரம்ப மாதங்களைச் சுருக்கிக் கொடுத்தது.

2003, கனடா. 93 பேர். எக்ஸ்ரே திரையில் பார்த்து மூட்டுக்குள் சரியாகப் போட்ட ஒரே ஊசி, அதோடு வீட்டில் செய்யும் எளிய பயிற்சி. இந்த இரண்டும் சேர்ந்தே நல்ல பலன் கொடுத்தன. ஃபிஸியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையும் சேர்ந்தால் அசைவு இன்னும் விரைவாகத் திரும்பியது.

2020, பிரிட்டன். 35 மருத்துவமனைகள், 503 பேர். ஊசியோடு கூடிய ஃபிஸியோதெரபி, மயக்கத்தில் திருப்பி விடுவிப்பது, துளை வழி அறுவை சிகிச்சை என மூன்று குழு. ஒரு வருட முடிவில் ஒன்றுக்கு இன்னொன்று பெரிய அளவில் மேலானதாக இல்லை. ஃபிஸியோதெரபிக் குழுவில் சிலருக்கு மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டது. அறுவைக் குழுவில் கடுமையான சிக்கல்கள் சற்று அதிகம். ஆகவே முதல் மாதத்திலேயே யாராவது உங்களை அறுவை சிகிச்சைக்கு அவசரப்படுத்தினால், இன்னொரு எலும்பு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை. அதே சமயம், பல மாதம் முறையாகச் செய்தும் இறுக்கம் விடவில்லை என்றால் அந்த இரண்டும் மதிப்புள்ள வழிகள்தான்.

தோள் சொல்லும் சர்க்கரைச் செய்தி

இந்தப் பகுதியை மட்டும் தயவு செய்து தாண்டிப் போகாதீர்கள்.

1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். நாட்டிலேயே இதில் முன்னோடி முயற்சி அது. 1954-ல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையும் வந்தது. அன்றைக்கு அது பணக்காரர் வியாதி என்று பெயர். பிறகு நம் ஊரிலேயே எடுத்த கணக்குகளைப் பாருங்கள். சென்னையில் வயது வந்தவர்களில் சர்க்கரை நோய் 1989-ல் 8.3 சதவீதம், 1995-ல் 11.6, 2000-ல் 13.5, 2004-ல் 14.3. நம் பிளாக்கில் நூறு பெரியவர்கள் இருந்தால் அதில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இதற்கும் தோளுக்கும் உள்ள தொடர்பை 1972-ல் பிரிட்ஜ்மன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எண்ணிக் காட்டினார். சர்க்கரை நோயாளிகள் 800 பேரில் 10.8 சதவீதத்தினருக்கு உறைந்த தோள். சர்க்கரை இல்லாத 600 பேரில் 2.3 சதவீதம். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வந்தால் நீடிக்கும், இரண்டு தோளிலும் வர வாய்ப்பு கூடும்.

என் கதையின் மிச்சம் இதுதான். ஏழாவது மாதம் நான் பார்த்த எலும்பு மருத்துவர் தோளைத் தொடும் முன்பே, "கடைசியா சுகர் எப்ப பாத்தீங்க?" என்று கேட்டார். நான் பார்த்ததே இல்லை. மறுநாள் வந்த ரிப்போர்ட்டில் மூன்று மாத சராசரி 9-க்கு மேல். எத்தனை வருடமாக இருந்ததோ! என் தோள் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் எண்ணெய் தேய்த்து அடக்கிக்கொண்டிருந்தேன். தோளில் போன ஏழு மாதத்தைவிட, தெரியாமல் போன அந்தச் சர்க்கரை வருடங்கள்தான் இன்றைக்கும் என் மனதை உறுத்துகின்றன.

அப்படியானால் நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு சிறு சோதனை. இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்து மடக்கி, முன்கைகளைக் கதவு திறப்பது போல வெளிப்பக்கம் திருப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் பாதியில் நிற்கிறதா? வீட்டில் ஒருவர் மிக மெதுவாகத் திருப்பிவிட்டாலும் அங்கேயே நிற்கிறதா? அப்படியென்றால் உறைந்த தோளாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்களாகத் தூக்க முடியாமல், அடுத்தவர் தூக்கினால் மட்டும் ஏறுகிறது என்றால் தசைநார் கிழிசலாக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே டாக்டரைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சாதாரண எக்ஸ்ரே ஒன்று, சர்க்கரை, தைராய்டு ரத்தப் பரிசோதனை. பெரும்பாலும் இவை போதும்.

வலிக் கட்டத்தில், அதாவது முதல் சில மாதங்களில், நோக்கம் வலியைக் குறைப்பது. டாக்டர் தரும் வலி மாத்திரையை அவர் சொன்ன நாள்வரை மட்டும் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ரத்த அழுத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூங்கவிடாத வலி என்றால் மூட்டு ஊசி பற்றி நீங்களே கேளுங்கள். ஆரம்பத்தில்தான் அதற்குப் பலன் அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும். டாக்டரிடம் சொல்லி, வீட்டு மீட்டரில் பார்த்துக்கொண்டே இருங்கள். இரவில் வலிக்கும் கையின் கீழே ஒரு சின்னத் தலையணை வைத்துப் படுத்தால் தூக்கம் வரும்.

பயிற்சிக்கு, வெந்நீர் ஒற்றடம் பத்து நிமிடம் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். காட்மனின் பெண்டுலம் ஆட்டம். மேசை மேல் துணி விரித்துக் கையை முன்னே தள்ளித் தள்ளி இழுப்பது. சுவரில் விரல்களால் எறும்பு ஏறுவது போல ஏறுவது, நேற்று தொட்ட உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு. குச்சியைப் பிடித்து நல்ல கையால் வலிக்கும் கையை வெளியே தள்ளுவது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு வேளை. இழுவை தெரியலாம். பயிற்சி முடித்து அரை மணிக்கு மேல் வலி நின்றால் அன்றைக்கு அதிகம் செய்துவிட்டீர்கள் என்று பொருள். முதல் சில முறை ஃபிஸியோதெரபிஸ்ட் முன்னால் செய்து சரிபார்த்துக்கொள்வது நல்லது.

செலவு பற்றித் தயங்க வேண்டாம். குரோம்பேட்டை அரசு மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஃபிஸியோதெரபியும் அடக்கம்.

சில விஷயங்களில் மட்டும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. விழுந்த பிறகோ வலிப்பு வந்த பிறகோ கை ஏறவில்லை என்றால் மூட்டு நழுவியிருக்கலாம். தோள் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். எடை குறைந்து, மாலைக் காய்ச்சலும் இருமலும் இருந்தால் பழைய சானடோரியத்துப் பயத்தை இன்றும் ஒதுக்க முடியாது, பரிசோதித்துவிடுங்கள். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் அது தோள் வலியே அல்ல, உடனே 108.

வீட்டிலேயே நடந்த வைத்தியம்

முடிக்கும் முன் மறுபடி காசநோய்க்கு வருகிறேன். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். சானடோரியத்தில் படுத்துக் கிடப்பவர்களையும், வீட்டில் இருந்துகொண்டே மருந்து சாப்பிடுபவர்களையும் ஒப்பிட்டார்கள். 1959-ல் வந்த முடிவு உலகத்தையே மாற்றியது. வீட்டில் இருந்தாலும் மருந்தை ஒழுங்காக எடுத்தால் ஏறத்தாழ அதே அளவு குணம் என்றது. மருத்துவமனைப் படுக்கையைவிட, தினமும் விடாமல் செய்வதே முக்கியம் என்று சொன்னது நம் ஊர்.

தோளுக்கும் அதே பாடம்தான். ஊசி டாக்டர் போடுவார், அது ஐந்து நிமிட வேலை. மீதி வேலை நம் வீட்டுச் சுவரில் நடக்கிறது. எங்கள் வீட்டு ஹாலில் இன்னும் அந்தப் பென்சில் கோடுகள் இருக்கின்றன. வெள்ளையடிக்க வந்தவர் அழிக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். முதல் கோடு இடுப்புக்குச் சற்று மேலே. கடைசிக் கோடு பதினோரு மாதம் கழித்து, என் தலைக்கு ஒரு முழம் மேலே.

அடுத்த பொதுக்குழு மூன்று மாதத்தில் வருகிறது. அதற்குள் அந்த மூன்று பேரும், இதைப் படித்துவிட்டு ரகசியமாகத் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்ட நீங்களும், ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். போகும்போது சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். தீர்மானம் எதுவானாலும் சரி, வலது கையைத் தூக்கி ஓட்டுப் போடுங்கள். எண்ணுவதற்கு நான் இருக்கிறேன்.